ஒரே லயம், 20 வீடுகள்: கூலிம் தோட்டப்புறத்தில் வருமான இடைவெளி மாறிய விதம்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தோட்டத்தில் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் நடக்கும் ஆள்கணக்கெடுப்புக்கு, ஆள் கூப்பிடும் மணி. இன்னொன்று, மண்சாலையில் வந்து மாரியம்மன் கோயில் முக்கில் திரும்பும் ஃபேக்டரி பஸ்ஸின் ஹார்ன். 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறக்குறைய இருபது வருஷம் இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டன. ஒரே வீட்டில் அம்மா நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போவார். மகள் சீருடை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

தோட்டம் இருந்தது மலேசியாவில் கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் வட்டாரத்தில். லூனாஸ், பாடாங் செராய் என்று பால்மர (ரப்பர்) காடுகளுக்கு நடுவே வளர்ந்த ஊர்கள் சுற்றிலும் உண்டு. பட்டர்வொர்த்தும் பிறையும் 30 கிலோமீட்டருக்குள். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்பில், 20 வீடுகள். அந்த 20 வீடுகளிலும் யார் என்ன வேலை செய்தார், எந்த வருஷம் வெளியே போனார், பிள்ளைகள் இப்போது எங்கே என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வளரும் நாடுகளில் வருமான ஏற்றத்தாழ்வு ஏன் சில காலம் ஏறுகிறது, சில காலம் இறங்குகிறது, சில காலம் அசையாமல் நிற்கிறது என்ற கேள்வியை அந்த லயத்தை வைத்துப் பார்க்கிறேன்.

நாட்டின் எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தாழ்வை அளக்கப் பெரும்பாலும் கினி எண்ணைத்தான் பயன்படுத்துகிறார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே வருமானம் என்றால் அது 0. ஒரே வீடு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால் 1-ஐ நெருங்கும். மலேசியாவின் கினி எண் 1970-இல் 0.513. 1976-இல் 0.557 வரை ஏறியது. 1989-இல் 0.442-க்கு இறங்கியது. அப்புறம் பதினைந்து வருஷம் பெரிய இறக்கம் இல்லை, 2004-இல் 0.462. பிறகு மறுபடி இறங்கி 2014-இல் 0.401. அதன் பின் 2022 வரை கிட்டத்தட்ட அங்கேயே நின்றது: 2019-இல் 0.407, 2022-இல் 0.404. ஏற்றம், இறக்கம், தேக்கம், மீண்டும் இறக்கம், மீண்டும் தேக்கம். இத்தனை திருப்பங்களுக்கும் ஒரே காரணம் இருக்க முடியாது.

பஸ் வருவதற்கு முன்

பால்வெட்டு நாட்கூலி வேலை. மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், வெட்ட முடியாது, அன்றைக்குச் சம்பளம் இல்லை. ரப்பர் விலை இறங்கினால் சம்பளமும் இறங்கும். 20 வீடுகளுக்கும் இதே நிலைதான். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் வித்தியாசம் என்றால், அந்த வீட்டில் எத்தனை பேர் காட்டுக்குப் போகிறார்கள், யார் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்பது மட்டுமே. லயத்துக்குள் கினி எண்ணைக் கணக்கிட்டிருந்தால் 0-க்குப் பக்கத்தில்தான் வந்திருக்கும். நாட்டுக்கோ 0.513. லயத்துக்குள் எல்லோரும் ஒன்றுபோல இருந்தார்கள். இடைவெளி லயத்துக்கும் கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டுக்கும், கிராணி வீட்டுக்கும் குன்றின் மேல் இருந்த துரை (தோட்ட மேனேஜர்) பங்களாவுக்கும் இடையில் இருந்தது.

1970-இன் தீபகற்ப மலேசியக் கணக்கில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் மலாய்க்காரர்களுக்கு 172 வெள்ளி (ரிங்கிட்), இந்தியர்களுக்கு 304 வெள்ளி, சீனர்களுக்கு 394 வெள்ளி. இந்த 304 எங்கள் ஆட்களுக்குப் பெரிய கெடுதல் செய்தது என்பது என் கருத்து. வழக்கறிஞர், டாக்டர், ரயில்வே கிராணி, நகரத்து வியாபாரி ஆகியோரின் வருமானத்தோடு பால்வெட்டுக்காரரின் வருமானத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி எடுத்த சராசரி அது. அதைப் பார்த்தவர்களுக்கு இந்தியர்கள் நடுவில் வசதியாக இருப்பதாகத் தோன்றியது. பொருளியலாளர் சுதிர் ஆனந்த் 1970-இன் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, மொத்த ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி இனங்களுக்குள்ளேயே இருப்பதையும், இனங்களுக்கு இடையிலான வேறுபாடு அதில் சிறு பங்கே என்பதையும் கண்டார். ஆனால் அரசியலில் பேசப்பட்டது அந்தச் சிறு பங்குதான்.

1969 மே இனக் கலவரத்துக்குப் பின் 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது ஒரு நோக்கம், இனத்தையும் தொழிலையும் பிணைத்திருந்த கட்டமைப்பை மாற்றுவது இன்னொன்று. அதற்குச் சற்று முன்னரே, 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாகிவிட்டது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் ஊருக்குக் கப்பலேறினார்கள். எங்கள் லயத்திலும் இரண்டு வீடுகள் காலியாகின. அவற்றில் பக்கத்து டிவிஷனிலிருந்து வேறு குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

பஸ் வந்தபோது

1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. அடுத்து பிறையிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் இளம் பெண்கள் தேவைப்பட்டார்கள். முதலில் பஸ் பிறைக்குத்தான் போனது. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகு தீவுக்கே நேராகப் போனது.

அந்த வேலைக்குச் சான்றிதழ் கேட்கவில்லை. கூர்மையான கண்ணும் சுறுசுறுப்பான கையும் போதும். நகரத்துக் கணக்குக்கு அது குறைந்த சம்பளம்தான். ஆனால் மாதச் சம்பளம். மழைக்கும் ரப்பர் விலைக்கும் அதில் வேலை இல்லை. ஓவர்டைம் உண்டு. ஊழியர் சேமநிதியில் மாதாமாதம் முழுச் சம்பளக் கணக்கில் காசு சேரும். எங்கள் லயத்தில் முதலில் பஸ் ஏறியவர் 5-ஆம் நம்பர் வீட்டு அக்கா. இரண்டு வருஷத்தில் அந்த வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. வெள்ளிக்கிழமை தமிழ்ப் படத்துக்கு லயமே அங்கே போய் உட்காரும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. 20 வீடுகளும் மாதம் 300 வெள்ளி வாங்குகின்றன. கினி எண் 0. ஒரு பெண் தொழிற்சாலைக்குப் போனதால் ஒரு வீட்டின் வருமானம் 900 ஆகிறது. கினி எண் 0.09-ஐத் தொடுகிறது. 5 வீடுகள் அப்படி ஆனால், அந்த 5 வீடுகளுக்கு 4,500 வெள்ளி, மிச்சம் 15 வீடுகளுக்கும் சேர்த்து 4,500 வெள்ளி. கால்வாசி வீடுகளிடம் பாதி வருமானம், கினி எண் 0.25. 7 வீடுகள் ஆகும்போது 0.27-ஐத் தொடுகிறது. அதுதான் உச்சம். 10 வீடுகள் ஆனால் மறுபடி 0.25. 15 வீடுகள் ஆனால் 0.15. 20 வீடுகளும் 900-க்கு வந்துவிட்டால் மீண்டும் 0.

இந்தக் கணக்கில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யாருடைய வருமானமும் குறையவில்லை. வேலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். அதற்கே ஏற்றத்தாழ்வு ஏறி இறங்கிவிட்டது. பொருளியலாளர் சைமன் குஸ்னெட்ஸ் 1955-இல் அச்சான தம் உரையில் சொன்ன கருத்தின் எலும்புக்கூடு இதுதான். வேளாண்மையிலிருந்து தொழிலுக்கு மாறும் நாட்டில் இடைவெளி முதலில் விரியும், பிறகு சுருங்கும் என்றார். அவர் அதைச் சட்டம்போலச் சொல்லவில்லை. தம் கட்டுரையில் 5 சதவீதம்தான் தரவு, 95 சதவீதம் ஊகம் என்று அவரே எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்த 95-ஐ மறந்துவிட்டு, வளர்ச்சி வந்தால் ஏற்றத்தாழ்வு தானாகக் குறையும் என்று பாடம் நடத்தினார்கள். அதை நம்பி எத்தனை வருஷம் போயிற்று!

இன்னொரு பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973-இல் சொன்ன சுரங்கப்பாதை உவமை எனக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டு தடங்களிலும் வண்டிகள் நெரிசலில் நிற்கின்றன. பக்கத்துத் தடம் நகர ஆரம்பித்தால் முதலில் நமக்கு மகிழ்ச்சி, அடுத்து நம் முறை என்று. வெகுநேரம் நம் தடம் அசையவே இல்லை என்றால் மகிழ்ச்சி கோபமாக மாறும். 5-ஆம் நம்பர் வீட்டின் டிவி முன்னால் உட்கார்ந்தபோது எங்களுக்குப் பொறாமை இல்லை. அடுத்து நம் வீட்டுக்கும் வரும் என்றே நினைத்தோம்.

சிலருக்கு வந்தது. எட்டு, ஒன்பது வீடுகள் பஸ் ஏறின. அதோடு நின்றுவிட்டது. 20 வீடுகளும் 900-க்கு வந்து சேரும் அந்தக் கடைசிப் பகுதி எங்கள் லயத்தில் நடக்கவே இல்லை.

அதே மரம், வேறு கணக்கு

நாட்டின் கினி எண் 1976-க்குப் பின் வேகமாக இறங்கியதற்குத் தொழிற்சாலை ஒரு காரணம்தான். கிராமப்புற மலாய்க்காரர்களுக்குப் பள்ளி, உதவித்தொகை, அரசு வேலை கிடைத்தது இன்னொன்று. மூன்றாவதாக ஃபெல்டா என்ற அரசு நிலக் குடியேற்ற அமைப்பு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஃபெல்டா 1956-இல் தொடங்கியது. காட்டைத் திருத்தி, ரப்பரும் செம்பனையும் நட்டு, நிலமில்லாத குடும்பங்களைக் குடியேற்றியது. ஒரு குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர். 1990-இல் புதுக் குடியேற்றம் நின்றபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கே இருந்தன. கடனைக் கட்டி முடித்தால் நிலம் அவர்களுடையது. செம்பனை விலை ஏறினால் அந்த ஏற்றம் அவர்கள் வீட்டுக்கு வரும். பிள்ளைகளுக்கு விட்டுப்போக ஒரு வீடும் இருந்தது. குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்.

எங்கள் லயத்தார் வெட்டியதும் அதே மரம்தான். குலை வெட்ட அதே அரிவாள், பொறுக்கும் உதிரிப் பழமும் அதே பழம். விலை ஏறினால் கம்பெனிக்கு லாபம் ஏறும். கூலி ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கொஞ்சம் கசியும். வேலையில் இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். ஒரே பயிர், ஒரே உலகச் சந்தை, ஒரே நாடு; நிலம் யாருடையது என்ற ஒன்றில்தான் இரு குடும்பங்களின் அடுத்த தலைமுறை பிரிந்து போனது. ஃபெல்டாக் குடியேறிகள் எல்லோரும் செழித்தார்கள் என்று சொல்ல வரவில்லை, கடனில் மூழ்கியவர்களும் உண்டு. ஆனால் விழும்போது பிடித்துக்கொள்ள அவர்களுக்குக் காலடியில் ஒரு நிலம் இருந்தது.

தைவானின் அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. 1949-இல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். 1953-இல் உழுபவருக்கு நிலத்தை மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பின் தொழில் வளர்ந்தபோது குஸ்னெட்ஸ் சொன்ன அந்த முதல் ஏற்றம் அங்கே பெரிதாக வரவில்லை. தொழிற்சாலைக்குப் போனவரும் வயலில் நின்றவரும் ஏற்கெனவே பாதி சமமாகியிருந்தார்கள்.

எங்கள் பக்கமும் ஒரு முயற்சி நடந்ததை மறக்கக் கூடாது. 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பங்கு போட்டு தோட்டங்களை வாங்கினார்கள். என் தாத்தாவிடம் அந்தப் பங்குப் புத்தகம் இருந்தது. சங்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் விற்பனைக்கு வந்த நிலத்தின் அளவுக்கு முன்னால் அது சிறியதாகவே இருந்தது. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்ட நிறுவனத்தின் பங்குகளை மலேசியா வாங்கிப் பெரும் தோட்டங்களை நாட்டுக்குச் சொந்தமாக்கியபோது நாங்களும்தான் பெருமைப்பட்டோம். துரை மாறினார். லயத்தின் சம்பளச் சீட்டு அப்படியே இருந்தது.

வாசலில் சான்றிதழ் கேட்டார்கள்

1996-இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. இண்டெல் வந்தது. 2006-இல் சிப் தயாரிக்கும் இன்ஃபினியோன் தன் சிலிக்கான் தகட்டு ஆலையைத் திறந்தது. 2024 ஆகஸ்டில் அங்கேயே சிலிக்கான் கார்பைடு ஆலையின் முதல் கட்டமும் திறந்தது. பஸ்ஸில் பிறை வரை போக வேண்டியதில்லை, வேலை நம் ஊருக்கே வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தோம்.

ஆனால் இது 1970-களின் தொழிற்சாலை இல்லை. அன்றைக்கு நூறு பெண்கள் கையால் செய்ததை இன்றைக்கு இயந்திரம் செய்கிறது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள டிப்ளோமா படித்தவர் வேண்டும், வடிவமைக்க என்ஜினியர் வேண்டும். பொருளியலாளர் யான் டின்பெர்கன் இதைக் கல்விக்கும் தொழில்நுட்பத்துக்கும் நடக்கும் பந்தயம் என்றார். தொழில்நுட்பம் முந்தினால் படித்த சிலருடைய சம்பளம் எகிறும், கல்வி முந்தினால் இடைவெளி சுருங்கும். மலேசியா முழுவதும் 1990-களில் இந்தப் பந்தயம் நடந்தது. கினி எண் இறங்குவது நின்றதும் அந்தப் பத்தாண்டில்தான்.

எங்கள் லயத்தில் அந்தப் பந்தயத்தில் ஓடியது 5-ஆம் நம்பர் வீடு. பஸ் ஏறிய அக்கா தன் இரண்டு தம்பிகளை எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) வரை படிக்கவைத்தார், ஒருவரைப் பாலிடெக்னிக்குக்கும் அனுப்பினார். அந்தத் தம்பி பூங்காவில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார், அவருடைய மகள் இன்று என்ஜினியர். ஆக, 1978-இல் சான்றிதழ் கேட்காத ஒரு வேலை கிடைத்த வீட்டுக்குத்தான் 1996-இல் சான்றிதழ் கேட்ட வேலையும் கிடைத்தது. 14-ஆம் நம்பர் வீட்டில் யாரும் பஸ் ஏறவில்லை. அந்த வீட்டுப் பையன் தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் போதாதென்று புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து, மூன்றாம் படிவத்தோடு நின்றான். அவனும் அதே பூங்காவுக்குத்தான் வேலைக்குப் போகிறான். செக்குரிட்டி வேலை. சம்பளம் கொடுப்பது தொழிற்சாலை இல்லை, ஒரு குத்தகை ஏஜென்ட். ஒரே வாசலில் என்ஜினியர் அட்டையைக் காட்டி உள்ளே போகிறார், இவன் அட்டையைப் பார்க்கிறான். இருவரும் ஒரே லயத்துப் பிள்ளைகள்.

கீழே இருந்தவர்களின் கூலி ஏன் ஏறவில்லை

பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954-இல் சொன்னது இது: கிராமத்தில் உபரி ஆட்கள் இருக்கும்வரை தொழில் எவ்வளவு வளர்ந்தாலும் கூலி ஏறாது. உபரி தீர்ந்தால்தான் ஏறும். சீனாவில் ஓரளவுக்கு அதுதான் நடந்தது. அதன் அதிகாரப்பூர்வக் கினி எண் 2008-இல் 0.491 என்ற உச்சத்துக்குப் போய், கிராமத்து உபரி குறையக் குறைய அங்கிருந்து இறங்கியது.

எங்கள் தோட்டத்திலும் உபரி தீர்ந்தது. இளைஞர்கள் வெளியே போனார்கள். பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது ஆள் தேவையும் பாதிக்கு மேல் குறைந்தது, அப்படியும் ஆள் போதவில்லை. லூயிஸ் சொன்னபடி 1980-களில் தோட்டக் கூலி ஏறியிருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் எல்லை திறந்தது. 1984-இல் தோட்டத்துக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் எடுக்க இந்தோனேசியாவுடன் மேடானில் ஒப்பந்தமானது. பிறகு வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா. காலியான லய வீடுகளில் அவர்கள் குடிவந்தார்கள். கூலி ஏற வேண்டிய அந்தக் கட்டம் தள்ளிப்போனது.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்த அதே காரணத்துக்குத்தான் அவர்கள் விமானத்தில் வருகிறார்கள். ஏஜென்டுக்குக் கொடுக்கும் கடனும் அதே கடன். நான் சொல்ல வருவது, கூலியின் அளவை நிர்ணயித்தது சந்தை மட்டும் இல்லை, பெர்மிட்டை யாருக்கு, எத்தனை, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்ற முடிவும்தான். முதலாளியை மாற்றிக்கொள்ள முடியாத தொழிலாளி கூலி உயர்வு கேட்க மாட்டார். அவர் கேட்காததால் அவரோடு சேர்ந்து குலை வெட்டும் உள்ளூர்க்காரரும் கேட்க முடியாது.

அப்படியானால் 2009-க்கும் 2014-க்கும் இடையில் கினி எண் 0.441-இலிருந்து 0.401-க்கு எப்படி இறங்கியது? 2013 ஜனவரியில் முதல் முறையாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது: தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா சரவாக்கில் 800. அதற்கு முந்தைய வருஷம், மாதம் 3,000 வெள்ளிக்குள் வாங்கும் குடும்பங்களுக்குப் பிரிம் என்ற பெயரில் 500 வெள்ளி நேரடி உதவி தொடங்கியது. ரப்பரும் செம்பனையும் நல்ல விலைக்குப் போன வருஷங்களும் நடுவில் இருந்தன. சிறுதோட்டக்காரர்களுக்குக் கையில் காசு புரண்டது. பிரேசிலிலும் ஏறக்குறைய இதே வழிதான். 1990-களில் 0.6-ஐ ஒட்டி இருந்த அதன் கினி எண் 2014-வாக்கில் 0.52 அளவுக்கு வந்தது. குறைந்தபட்சச் சம்பளத்தை அடிக்கடி உயர்த்தினார்கள், 2003-இலிருந்து போல்சா ஃபமீலியா என்ற குடும்ப உதவி கொடுத்தார்கள், பள்ளிக்குப் போன ஒரு தலைமுறை வேலைக்கு வந்து சேர்ந்தது.

தோட்டத்தில் 900 வெள்ளி என்றதும் 9-ஆம் நம்பர் வீட்டுச் சித்தி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முப்பது வருஷம் யூனியன் கேட்டு வராதது, கெஜட்ல ஒரு தாளு போட்டதும் வந்துருச்சுப்பா." தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்றும் செய்யவில்லை என்பது நியாயமில்லை, மாதச் சம்பளத்துக்காக அது நெடுங்காலம் போராடியது. ஆனால் சித்தி சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. கூலியின் அடிமட்டத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் பேரம் பேசி உயர்த்த முடியாத இடத்தில் சட்டம் உயர்த்தியது. அந்த எண் 2022-இல் 1,500 ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது.

எண்ணில் விழாதவர்கள்

0.513 எங்கே, 0.404 எங்கே என்று பார்த்தால் பெரிய சாதனைதான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் லயத்தில் நின்று பார்க்கும் எனக்கு இந்த எண்ணில் மூன்று ஓட்டைகள் தெரிகின்றன.

மலேசியாவின் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு குடிமக்களை மட்டுமே எண்ணுகிறது. எங்கள் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் லயங்களின் மிக ஏழையான வீடுகளில் இன்று இருப்பவர்கள் பெர்மிட்டில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 1976-இல் அந்த வீடுகள் கணக்கில் இருந்தன. இப்போது வீடுகள் அங்கேயே இருக்கின்றன, கணக்கில் இல்லை. வரிசையின் கடைசியில் நிற்பவரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் வரிசை குட்டையாகத்தான் தெரியும்.

வறுமைக் கோட்டின் கதையும் இதோடு சேர்ந்ததே. 2016-இல் அதிகாரப்பூர்வ வறுமை 0.4 சதவீதம் என்றார்கள். குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்ற கோட்டை வைத்து வந்த எண் அது. 2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் வந்து பார்த்து, இது நம்பத்தக்கதே இல்லை என்றார். 2020-இல் கோடு 2,208 வெள்ளிக்கு உயர்ந்தது. உடனே 2019-இன் வறுமை 5.6 சதவீதம் என்று ஆனது. யாரும் ஒரே இரவில் ஏழையாகவில்லை. ஏழையாக இருந்தவர்கள் அன்றைக்குத்தான் எண்ணப்பட்டார்கள்.

கடைசியாக, கினி எண் விகிதத்தை அளக்கிறதே தவிர தூரத்தை அளப்பதில்லை. எல்லோருடைய வருமானமும் இரண்டு மடங்கானால் எண் மாறாது, இடைவெளி மட்டும் இரண்டு மடங்காகும். 2022-இல் கீழ் 40 சதவீதக் குடும்பங்களிடம் மொத்த வருமானத்தில் 16.1 சதவீதம், மேல் 20 சதவீதத்திடம் 46.3 சதவீதம். நாட்டின் சராசரிக் குடும்ப வருமானம் மாதம் 8,479 வெள்ளி. கணக்குப் போட்டால் கீழே உள்ள குடும்பத்துக்குச் சராசரியாக 3,400 வெள்ளி போல வருகிறது, மேலே உள்ளதற்கு 19,600 வெள்ளி போல. நடுவில் 16,000 வெள்ளி. கூலிமில் வீடு வாங்கப் போகிறவர்கள் மோதிக்கொள்வது இந்த 16,000-த்தோடுதான், 0.404-ஓடு இல்லை. வீட்டு விலையை ஏற்றுவது மேலே இருப்பவரின் சம்பளம். கீழே இருப்பவர் அதே விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு சகோதரிகள்

9-ஆம் நம்பர் வீட்டில் அக்கா தங்கை இருவர். தங்கை பஸ் ஏறினார். அக்கா, அதாவது நான் சொன்ன சித்தி, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தோட்டத்திலேயே நின்றார். 18 வயதில் எடுத்த அந்த முடிவில் படிப்பு, திறமை, உழைப்பு எதிலும் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் சித்தியின் கைதான் வேகம். பால் ஸ்டோரில் எடை போடும்போது அவர் வாளிதான் முதலில் வரும்.

தங்கை சேமநிதிப் பணத்தில் முன்பணம் கட்டி 1990-களில் லூனாஸ் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சின்ன வீடு வாங்கினார். கடன் எப்போதோ முடிந்துவிட்டது. வீட்டின் விலை பல மடங்காகிவிட்டது. சித்திக்கும் சேமநிதி இருந்தது, நாட்கூலியில் சேர்ந்த அளவுக்கு. தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது எங்கள் லயம் அதற்குள் போயிற்று. நிலத்தின் விலை ஏறியதில் வந்த லாபம் நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு. லயத்தாருக்கு ஒரு தொகையும் காலி செய்ய ஒரு தேதியும் கிடைத்தன. மூன்று தலைமுறை இருந்த இடம். கோயிலை மாற்றிக் கட்ட ஓர் ஓரமாக இடம் கொடுத்தார்கள், அதற்கே இரண்டு வருஷம் நடையாய் நடந்தோம்.

வருமானக் கணக்கெடுப்பில் இந்த இரண்டு சகோதரிகளுக்கும் இன்று பெரிய வித்தியாசம் தெரியாது. இருவருக்கும் வயதாகிவிட்டது, இருவருக்கும் சம்பளம் இல்லை. ஒருவர் தம் வீட்டில் இருக்கிறார். ஒருவர் மலிவு விலை அடுக்குமாடியின் நாலாவது மாடியில் மாத வாடகை கொடுத்து மகனோடு இருக்கிறார், மூட்டு வலியோடு படி ஏறுகிறார்.

போன மாதம் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். மகனுக்கு 1,700 வெள்ளி, அதற்கு மேல் ஓவர்டைம் இருந்தால் உண்டு. நான் குடும்ப வருமானம் என்ற கட்டத்துக்கு வந்தபோது சித்தி கேட்டார்: "ஓ.டி. இந்த மாசம் இருக்கும், அடுத்த மாசம் இருக்காதுப்பா. எதைப் போட்டு எழுதுவே?"